மூன்றாவது புள்ளி

ஸ்ரீ சட்சநாலை
ஏப்ரல் 3

பிட்சனுலோக் சர்வீஸ் கிளை, புகார்ப் பிரிவுக்கு,

என் பெயர் லம்துவன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், வயது ஐம்பத்தெட்டு. உங்களிடம் வாங்கிய வெள்ளைக் காருக்கு இன்னும் ஏழு மாதம் நிறையவில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே, கூரைத் துணி முடிந்து கதவு தொடங்கும் இடத்தில், ரெக்சின் ஒட்டிய மெத்துப் பட்டை ஒன்று இருக்கிறதல்லவா? அது உரிகிறது. முதலில் ஒரு ஓரம் தூக்கியது. இப்போது கைநீளத்துக்கு வந்துவிட்டது. படம் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன்.

நான் காலருக்குக் கேன்வாஸ் வைத்துத் தைத்தால், பிள்ளைகள் மூன்று வருடம் கல்லில் அடித்துத் துவைத்தாலும் பிரியாது. இவ்வளவு பெரிய கம்பெனி ஒட்டியது ஒரு வெயில் தாங்கவில்லை. ஊசியும் பசையும் என் வீட்டிலேயே இருக்கின்றன, அரை மணி வேலை. ஆனால் வெளியாள் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பட்டையில் வெள்ளையாக ஒரு சுழியும் அதன் கீழே ஐந்து புள்ளிகளும் இருக்கும். அவை கெடாமல் ஒட்டித் தர வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் எண்ணுக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் பாட்டுத்தான் கேட்டது. இனி நீங்களும் போன் செய்யாதீர்கள். என் தையல் அறைக்கும் கணவர் படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைதான். இந்தப் பேச்சு அவர் காதில் விழக்கூடாது. எதுவானாலும் காகிதத்தில் எழுதுங்கள்.

லம்துவன்


பிட்சனுலோக்
ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய லம்துவன் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் வாகனம் மூன்று வருட வாரண்டியில் உள்ளது. உள் அலங்காரப் பாகங்களை ஒட்டித் தர விதியில் இடமில்லை. முழுப் பட்டையையும் கழற்றிப் புதியது பொருத்தப்படும். கழற்றிய பட்டை கம்பெனிக்குச் சொந்தம். அது பாங்காக்கிற்கு அனுப்பப்பட்டு, அங்கே துண்டாக்கி அழிக்கப்படும்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து 22ஆம் தேதி வாகனத்தைக் கொண்டுவரவும். படத்தில் காணப்படும் வெள்ளைக் கறையை முன்னதாகத் துடைத்துவிட்டு வந்தால் ஆய்வுக்கு வசதியாக இருக்கும். பசை எதுவும் தடவ வேண்டாம்.

புவதோன்
வாரண்டிப் பிரிவு


ஸ்ரீ சட்சநாலை
ஏப்ரல் 11

புவதோன் அவர்களுக்கு,

கறையா? நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்கள்? உங்கள் வீட்டில் யாருமே புது வண்டியை விகாரைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பிக்குவின் விரலால் குறி வைத்துக்கொண்டதில்லையா?

சொல்லக்கூடாது என்றிருந்தேன். சொல்லாவிட்டால் துடைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

என் கணவர் சவேங் முப்பத்தொரு வருடம் சோங்தியாவ் ஓட்டினார். பின்னால் இரண்டு பெஞ்சு போட்டு ஆளேற்றும் அந்த வண்டியில் இந்தப் பக்கத்து ஜனம் எல்லாம் ஏறியிருக்கிறது. மூன்று வருடம் முன்பு மழையில், சுகோத்தாய் போகும் வழியில், ஒற்றைப் பனை வளைவில் வண்டி உருண்டது. சந்தைக்குப் போன பெண் ஒருத்தி வீடு திரும்பவில்லை. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து இவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. மாமியார் சாவுக்குக்கூடப் பதினாறு கிலோமீட்டர் நடந்தே போனார்.

போன ஆகஸ்டில் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயிற்றில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சீழ் பிடித்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் சுகோத்தாய் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, வண்டி பக்கம் மட்டும் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தை விற்றுக் கார் வாங்கினேன். ஐம்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். அப்போதும் ஏறவில்லை.

கடைசியில் எங்கள் விகாரையின் மூத்த பிக்கு லுவாங் போ இன் தானே நடந்து வீட்டுக்கு வந்தார். குறி வைப்பது ஓட்டுகிறவர் தலைக்கு மேலேதான் வழக்கம். அவர் இந்தப் பக்கம் வந்து, இவர் இருக்கைக்கு மேலே மாவைத் தொட்டு வைத்தார். "பயப்படுறவன் எங்க உட்கார்றானோ அங்கதான வைக்கணும்? ஏறு சவேங்" என்றார். ஏறினார். ஆறு மாதத்துக்கு மேலாக ஏறுகிறார்.

அந்தப் பிக்கு மழைக்காலத் தவம் முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொரு முறை வைக்க ஆள் இல்லை. உங்கள் ரெக்சினோடு அந்தக் குறியும் உரிகிறது. என் கவலை காருக்காக அல்ல. குறி போனதை இவர் பார்த்துவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்வேன்? அதைச் சொல்லுங்கள்.

லம்துவன்


பிட்சனுலோக்
ஏப்ரல் 24

லம்துவன் அவர்களுக்கு,

மன்னிக்க வேண்டும். எங்கள் படிவத்தில் கறை, கீறல், கிழிசல் என்று மூன்றே கட்டங்கள் இருக்கின்றன. எதில் குறிப்பது என்று தெரியாமல் கறையில் குறித்தேன். என் ஊர் உத்தரதித். என் அப்பாவின் டிராக்டரிலும் குறி இருக்கிறது. ஒரு மழைக்காலம் நானும் காவி உடுத்தியிருந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமை நீங்கள் வெளியே காத்திருந்தபோது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மூத்த மெக்கானிக் செர்ம் அண்ணன் பட்டையைக் கழற்ற வந்தார், பார்த்தார், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "நான் தொட மாட்டேன். பெரியவர் கைபட்டது" என்றார். இரண்டாமவர் தனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று நழுவினார். மூன்றாமவர் படம் மட்டும் எடுக்கிறேன் என்று வந்து, குறியை நேராகப் படம் எடுப்பது மரியாதை இல்லை என்று அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடி எடுத்தார். அந்தப் படங்களை அப்படியே பாங்காக்கிற்கு அனுப்பினேன். பழுதான இடத்தை மறைத்திருக்கிறீர்கள் என்று நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் இன்னொரு முறை வர வேண்டும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இதனுடன் எங்கள் ஊர் வாழைப்பழ வற்றல் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கம்பெனிக் கணக்கில் அல்ல.

புவதோன்


ஸ்ரீ சட்சநாலை
மே 1

தம்பி புவதோன்,

வற்றல் கிடைத்தது. சிறுநீரக நோயாளி வாழைப்பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. தையல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு திருடியைப் போல நானே தின்றேன். நன்றாக இருந்தது.

ஆனால் கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் ஆட்கள் பார்த்துத் திரும்பிய காரில் மூன்றாவது புள்ளி இல்லை. விரல் நகம் அளவுக்கு அந்த இடத்தில் ரெக்சினே இல்லை, கீழே மஞ்சள் பஞ்சு தெரிகிறது. தொட மாட்டேன் என்றவர்கள் எல்லாம் சேர்ந்து எப்படி ஒரு புள்ளியைத் தொலைத்தீர்கள்? தைக்க வந்த சட்டையில் நான் இப்படி ஒரு பொத்தானைத் தொலைத்திருந்தால் அந்த வீட்டம்மா தெருவையே கூட்டியிருப்பாள்.

இவர் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று ஏறினார், தலைக்கு மேலே ஒரு கையை உயர்த்தினார், உட்கார்ந்தார். பஞ்சு தெரிவதைப் பார்த்தும் எனக்காகப் பேசாமல் இருக்கிறாரோ என்று நினைத்து வழியெல்லாம் நானே ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறையும் வருகிறேன். வேறு வழி இருக்கிறதா எனக்கு?

லம்துவன்


பிட்சனுலோக்
மே 10

பெரியம்மாவுக்கு,

அந்தத் துண்டு எங்கே போனது என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாதாம். செர்ம் அண்ணன் தரையைப் பார்க்கிறார்.

இரண்டாவது படங்களுக்குப் பாங்காக்கிலிருந்து பதில் வந்தது. கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வெயிலில் உரிந்தால் பட்டை முழுவதும் ஒரே மாதிரி சுருங்குமாம். இது ஒரே இடத்தில், ஒரு உள்ளங்கை அளவில்தான் தொடங்கியிருக்கிறது. எண்ணெய் போன்ற ஏதோ ஒன்றைக் கையால் திரும்பத் திரும்பத் தேய்த்ததால் வந்தது, உபயோகிப்பவர் தவறு என்று எழுதியிருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு முத்திரை இருக்கிறது. ஆம் என்று குத்தச் சொன்னால் குத்துவேன், இல்லை என்று குத்தச் சொன்னால் அதையும் குத்துவேன். ஐந்து வருடமாக என் வேலை அதுதான். நல்லெண்ண அடிப்படையில் ஒரு முறை மாற்றித் தரும்படி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு வழி இருப்பதாகச் சொல்வார்கள், கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். பெரியப்பா அந்த இருக்கையில் உட்கார்ந்து என்ன செய்கிறார்?

புவதோன்


ஸ்ரீ சட்சநாலை
மே 18

தம்பி,

என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாதவள் நான். சாலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். பக்கத்தில் இருக்கிற மனிதரை ஏழு மாதமாக நான் பார்க்கவே இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை பார்த்தேன். வயல் வெளியில் வண்டி இல்லாத இடமாக ஓரக்கண்ணால் பார்த்தேன். மருத்துவம் தொடங்கியதிலிருந்து அவருக்குக் கையும் காலும் முறுக்கும், அதற்குத் தினமும் காலையில் மஞ்சள் தைலம் தேய்ப்பார். ஏறும்போதே உள்ளங்கை எல்லாம் தைலம். அந்தக் கையைத் தூக்கி அந்தக் குறியின் மேல் வைக்கிறார். சும்மா தொட்டு எடுப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். எடுக்கவில்லை. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு மணி நேரம் கை அங்கேயே இருக்கிறது. ஒற்றைப் பனை வளைவில் விரல்கள் இறுகுகின்றன, நகம் உள்ளே இறங்குகிறது.

பாங்காக்காரர்கள் சொன்னது சரி. உங்கள் பசையைத் திட்டியதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையை எடுங்கள் என்று சொன்னால் அவர் இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் மழை தொடங்குவதற்குள் அங்கே ஒன்றும் மிஞ்சாது. நேற்று வளைவைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

லம்துவன்


பிட்சனுலோக்
மே 21

பெரியம்மா,

கிடைத்துவிட்டது. நல்லெண்ணம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. புதுப் பட்டை என் மேசைக்குப் பக்கத்தில் பெட்டியில் இருக்கிறது. 25ஆம் தேதி சனிக்கிழமை வாருங்கள், தள்ளிப் போனால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

குறியைப் பற்றியும் யோசித்துவிட்டேன். நான் காவி உடுத்தியிருந்த விகாரையின் தலைமைப் பிக்கு பட்டறைக்கே வருவதாக ஒத்துக்கொண்டார். உங்கள் முதல் படத்தைப் பார்த்து, அதே இடத்தில், அதே சுழியும் ஐந்து புள்ளிகளும் வைப்பார். பழைய பட்டையைக் கழற்றும் முன் அதற்கும் மந்திரம் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அப்படியானால் கழற்றுகிறேன் என்று செர்ம் அண்ணனும் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

பழையது மட்டும் பாங்காக் போயாக வேண்டும். அதில் எனக்கு வழி இல்லை.

ஐந்து வருடத்தில் முதல் முறையாக ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

புவதோன்


ஸ்ரீ சட்சநாலை
மே 28, செவ்வாய்

தம்பி,

இதைப் பேருந்துப் பார்சலில் போடுகிறேன், தபாலுக்கு நேரம் இல்லை.

சனிக்கிழமை நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. புள்ளிகள் அச்சில் வார்த்தது போல இருந்தன. காலையில் நம்பிக்கையோடு கதவைத் திறந்தேன். இவர் ஏறினார். கையைத் தூக்கினார். கை அங்கே தேடியது. முன்னால் போனது, பின்னால் போனது, இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டே இருந்தது. பிறகு இறங்கிவிட்டார்.

"இது நம்ம வண்டி இல்ல" என்றார்.

நம் வண்டிதான், குறியைப் பாருங்கள், அப்படியே இருக்கிறது என்றேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டினேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார், விரல் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு எங்க தெரியுது லம்துவன். ஆங்கிலப் புத்தாண்டுக்கு முன்னாடியே போயிடுச்சு. உனக்கு இருக்கிற பாரம் போதும்னு சொல்லல."

சர்க்கரை கண்ணையும் தின்றிருக்கிறது. ஐந்து மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்ததைக் கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் ஊசி கோத்த கண் எனக்கு, வீட்டில் இருக்கிற மனிதருக்குப் பார்வை போனது தெரியவில்லை. அவர் கை தெரிந்துவைத்திருந்தது அந்த உரிந்த ஓரத்தைத்தான். தூக்கி நின்ற அந்த ரெக்சின்தான் அவருக்கு லுவாங் போ. நான் இரண்டு மாதம் உங்களிடம் சண்டை போட்டு அதை வழவழப்பாக்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஆண்கள் தூக்கிவைக்கப் பார்த்தார்கள். கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. இன்று போகவில்லை. சாயங்காலத்துக்குள் முகம் வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையும் தவறினால் நுரையீரலில் நீர் ஏறும் என்று நர்ஸ் சொல்கிறாள்.

பழையதைக் கொடுங்கள். கிழிந்தது, பஞ்சு தெரிந்தது, எப்படி இருந்தாலும் சரி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

லம்துவன்


பிட்சனுலோக்
மே 30

பெரியம்மா,

உங்கள் கடிதத்தை மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் பாங்காக்கிற்குப் போன் செய்தார். அவருக்கும் முதலில் பாட்டுத்தான் வந்தது. பட்டையைத் திங்கள்கிழமையே நான்காக வெட்டிவிட்டார்கள். வெட்டியதற்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். பெற்றுக்கொண்டேன் என்று அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, போட்டேன்.

வித்தியாசமே தெரியாது என்று எழுதினேன். அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

மதியம் பட்டறையில் உட்கார்ந்து செர்ம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய், நாங்கள் காலையில் ஊதுபத்தி வைக்கும் சாமி அலமாரியிலிருந்து ஒரு சம்பள உறையை எடுத்துவந்தார். முதல் நாள் பட்டையில் அவர் விரல் பட்டதும் அது உதிர்ந்ததாம். குப்பையில் போட மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. உதிர்ந்ததை யாரும் பட்டியலில் எழுதாததால் பாங்காக்கிற்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உறையை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் மூன்றாவது புள்ளி. இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வேறொன்றும் இல்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் வரும், ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்.

வாரண்டி விதிப்படி நீங்கள் எதையும் ஒட்டக்கூடாது. நான் எதையும் பார்க்கவில்லை.

புவதோன்


ஸ்ரீ சட்சநாலை
ஜூன் 1

தம்பி புவதோன்,

நேற்று ஆறரை மணிக்கு உறை கையில் கிடைத்தது. ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும்.

பசையை நம்பவில்லை. தொப்பி தைக்கிற வளைந்த ஊசியால், புதுப் பட்டையில் அவர் கை போகிற இடத்தில், அந்தத் துண்டைத் தைத்தேன். மூன்று பக்கம் இறுக்கித் தைத்தேன். நான்காவது பக்கத்தை விட்டுவிட்டேன். ஓரம் தூக்கி நிற்க வேண்டுமே. தையல் கற்ற நாளிலிருந்து வேண்டுமென்றே ஒரு வேலையை இப்படிக் கெடுத்துவைத்தது இதுதான் முதல் முறை. அவசரத்தில் இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.

அவரைப் பிடித்து அழைத்துவந்தேன். முகம் உப்பி, மூச்சு வாங்கியது. ஏறமாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பு இல்லை. கையை மட்டும் தூக்கினார். முன்னால் போனது, பின்னால் போனது, அங்கே நின்றது. பெருவிரல் அந்த ஓரத்தை ஒரு முறை தூக்கிப் பார்த்தது. காலை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். இதயமும் தளர்ந்துவிட்டதாம். சுத்தம் செய்துகொண்டே இருந்தாலும் கொஞ்ச காலம்தான் என்றார். எவ்வளவு என்று கேட்டேன், அவர் பேனாவைப் பார்த்தார். அந்தத் துண்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று நீங்கள் கேட்டாலும் நான் அப்படித்தான் பார்ப்பேன். தைலக் கை, நகம், இந்த வெயில். நூல் நிற்கும், ரெக்சின் நிற்காது. அவர் நாள், இந்தத் துண்டின் நாள், இரண்டையும் வைத்துக்கொண்டு நான் ஓட்டுகிறேன். செர்ம் அண்ணனுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன், கழுத்து அளவு கேட்டு எழுதுங்கள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒற்றைப் பனை வளைவில் வேகத்தைக் குறைத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கையை மேலே வைத்திருந்தார். வளைவு தாண்டியதும் பேசினார்.

"லம்துவன், இங்க ஓரம் தூக்குது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடேன்."

போட்டாச்சு என்று சொன்னேன்.

லம்துவன்